சான்றோரும் சான்றும்

ஒரு செய்தியை உண்மை என்று கொள்வதற்கு உலகத்தார் பெரும்பாலும் இரண்டு வழிகளைப் பின்பற்றுகின்றனர். சொன்னவர் யார் என்று கேட்டு, அவர் பெரியவராயின் அவர் சொல்லை அவ்வாறே ஏற்றுக்கொள்வது ஒரு வழி. சொன்னவர் யாராயினும், அதற்குச் சான்று யாது என்று கேட்டு, அச்சான்றைத் தாமே ஆராய்ந்து பார்த்து ஏற்பது மற்றொரு வழி. முன்னது எளிது, பின்னது அரிது. எளியதை நாடுவது மனித இயல்பாதலின், முதல் வழியில் செல்வோரே பலர். ஆயினும், சொன்னவரின் பெருமையை அன்று, சொல்லின் உண்மையையே நோக்குதல் வேண்டும் என்பது வள்ளுவர் காட்டிய நெறி.

அந்நெறியைப் பழகுதற்கு எண்கணிதத்தைப் போல் ஏற்ற களம் பிறிதொன்று இல்லை. வரலாற்று உண்மையைச் சோதிக்கப் பழைய ஏடுகளும் கல்வெட்டுகளும் வேண்டும். வானியல் உண்மையைச் சோதிக்கத் தொலைநோக்கி வேண்டும். எண்களைப் பற்றிய ஓர் உண்மையைச் சோதிக்கவோ, தாளும் எழுதுகோலும் பொறுமையும் இருந்தால் போதும். உலகம் போற்றும் பேரறிஞர் ஒருவரின் கூற்றையும் சிற்றூர்ப் பள்ளியில் பயிலும் மாணவர் ஒருவர் சரிபார்க்கலாம். கூற்று தவறாயின், தவறு என்று அஞ்சாமல் உரைக்கலாம். இது வெறும் புகழுரை அன்று என்பதை இருபத்தோர் இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணின் வரலாறு நன்கு விளக்கும்.

அவ்வரலாற்றை அறியுமுன் பகா எண் என்பது யாது என அறிதல் வேண்டும். ஒன்றினும் பெரியதாய், ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறு எந்த முழு எண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண் பகா எண் எனப்படும். 2, 3, 5, 7, 11, 13 என்பன அவ்வகையின. 12 போன்றவை பகு எண்கள். 12ஐ 2 × 2 × 3 எனப் பிரித்துவிடலாம். செங்கற்கள் அடுக்கிச் சுவர் எழுப்புவது போலப் பகா எண்களைப் பெருக்கியே பிற எண்கள் எல்லாம் ஆக்கப்படுகின்றன. ஓர் எண்ணுக்கு எந்தெந்தப் பகா எண்கள் காரணிகளாக அமையும் என்பதும் மாறாதது. வரிசையை மாற்றலாமே அன்றி, வேறு பகா எண்களைக் கொண்டு அவ்வெண்ணை ஆக்க இயலாது. பகா எண்களுக்கு முடிவே இல்லை என்பதைக் கிரேக்க அறிஞர் யூக்ளிட் கி.மு. 300ஐ ஒட்டிய காலத்திலேயே மெய்ப்பித்துக் காட்டினார்.

பெருக்குவது எளிது, பெருக்கி வந்ததைப் பிரிப்பது கடினம். 89ஐ 97ஆல் பெருக்குமாறு கூறினால், மாணவர் ஒருவர் ஒரு நிமிடத்திற்குள் 8,633 என்று விடை தருவார். ஆனால், 8,633 என்னும் எண்ணை மட்டும் கொடுத்து, அதன் காரணிகளைக் கண்டுபிடிக்குமாறு கூறினால் அவர் நிலை என்ன? 2, 3, 5, 7, 11 என்று ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துப் பார்த்துக்கொண்டே செல்ல வேண்டும். இருபத்து மூன்று முறை தோல்வியுற்ற பின்னரே, இருபத்து நான்காவதாக 89 வந்து வழி திறக்கும். நான்கு இலக்க எண்ணுக்கே இத்துணை முயற்சி வேண்டுமாயின், இருபது இலக்க எண்ணுக்கு எத்துணை வேண்டும்!

இத்தகைய எண்களில் பேரறிஞர்களும் இடறி விழுந்ததுண்டு. பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு நாட்டில் வாழ்ந்த பெர்மா என்பவர் எண்கணித ஆராய்ச்சியில் ஈடிணையற்றவர். வழக்கு மன்றப் பணி அவர் தொழில். கணிதம் அவர் ஓய்வு நேரத்து இன்பம். அவர் 2இன் 1, 2, 4, 8, 16 ஆகிய அடுக்குகளை எடுத்து, ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டினார். 3, 5, 17, 257, 65,537 என்னும் எண்கள் கிடைத்தன. ஐந்தும் பகா எண்கள். அடுக்கை இவ்வாறே இரட்டித்துக்கொண்டு சென்றால் கிடைப்பவை எல்லாம் பகா எண்களே என்று அவர் நம்பினார். 1640 ஆம் ஆண்டில் தம் நண்பர்களுக்கு எழுதிய மடல்களில் அந்நம்பிக்கையை வெளியிட்டார். அதற்கு மெய்ப்பு ஒன்றும் தம்மிடம் இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை.

வரிசையில் ஆறாவதாக வருவது 2³² + 1, அதாவது 4,29,49,67,297. இது பகா எண் அன்று என்று சுவிட்சர்லாந்தில் பிறந்த ஆய்லர் 1732 ஆம் ஆண்டில் காட்டினார். அவர் காட்டிய காரணி 641. இதனைச் சரிபார்ப்பது மிக எளிது. 67,00,417ஐ 600ஆல் பெருக்க 4,02,02,50,200. 41ஆல் பெருக்க 27,47,17,097. இரண்டையும் கூட்ட 4,29,49,67,297. கணக்கு முடிந்தது, பெர்மாவின் நம்பிக்கையும் முடிந்தது. அடுத்தடுத்து ஐந்து இடங்களில் உண்மையாக இருந்த ஒரு விதி, ஆறாவது இடத்தில் பொய்த்துவிட்டது. பல முறை உண்மையாக இருப்பது வேறு. எப்பொழுதும் உண்மையாக இருப்பது வேறு. இவ்வேறுபாட்டை இதனினும் தெளிவாகக் கற்பிக்கும் எடுத்துக்காட்டு அரிது.

இங்கே மற்றோர் உண்மையும் அடங்கியுள்ளது. 2இலிருந்து தொடங்கி ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துக்கொண்டே வந்தால், 641ஐ அடையுமுன் 115 வகுத்தல்கள் வீணாகும். ஆய்லர் மெய்ப்பித்த விதி ஒன்றின்படியோ, இவ்வெண்ணின் பகாக் காரணி எதுவும் 64ஆல் வகுக்கும்போது 1 மீதி தருவதாகவே இருத்தல் வேண்டும். அத்தகைய பகா எண்கள் வரிசையாக 193, 257, 449, 577, 641 என்பன. ஆகவே ஐந்தாவது முயற்சியிலேயே வெற்றி கிட்டிவிடுகிறது. அறிவு உழைப்பை நீக்குவதில்லை. ஆனால் வீண் உழைப்பை நீக்குகிறது.

பெர்மாவின் காலத்தவரும் அவருடைய நண்பருமான மெர்சென் பாரிசு நகரில் வாழ்ந்த துறவி. ஐரோப்பிய அறிஞர் பலரோடும் அவர் மடல் வழியே தொடர்பு கொண்டிருந்தார். ஒருவர் கண்டதை மற்றவர்க்கு அறிவித்து, அறிவியல் இதழ்கள் தோன்றாத அக்காலத்தில் அவற்றின் பணியைத் தாம் ஒருவராகவே செய்தார். அவர் கருத்தை ஈர்த்தவை, 2இன் அடுக்குகளிலிருந்து ஒன்றைக் கழித்து வரும் எண்கள். 2² − 1 = 3; 2³ − 1 = 7; 2⁵ − 1 = 31; 2⁷ − 1 = 127. இவை யாவும் பகா எண்கள். அடுக்கு பகா எண்ணாக இல்லையெனில் வரும் எண்ணும் பகா எண் ஆகாது. ஆனால், அடுக்கு பகா எண்ணாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது. 11 பகா எண். எனினும், 2¹¹ − 1 ஆகிய 2,047 என்பது 23 × 89 எனப் பிரிந்துவிடுகிறது.

எந்த அடுக்குகளுக்குப் பகா எண் கிடைக்கும் என்பதை மெர்சென் 1644 ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் பட்டியலாகத் தந்தார். 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய பதினொன்று மட்டுமே 257 வரையில் உள்ளவை என்பது அவர் கூற்று. அவற்றை எவ்வாறு கண்டார் என்பதை அவர் விளக்கவில்லை. பதினைந்து அல்லது இருபது இலக்கங்கள் கொண்ட ஓர் எண் பகா எண்ணா அன்றா என்று சோதிப்பதற்குக் காலம் முழுவதும் போதாது என்று அவரே எழுதியிருக்கிறார். அங்ஙனமாயின், அவர் தம் பட்டியலிலுள்ள பெரிய எண்களைச் சோதித்திருக்க இயலாது என்பது வெளிப்படை. எனினும் அவர் பெயரின் பெருமை அப்பட்டியலைத் தாங்கி நின்றது. 2⁶⁷ − 1 பகா எண் என்னும் கூற்று இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் மறுக்கப்படாமலே இருந்தது.

2⁶⁷ − 1 எவ்வளவு பெரியது? சதுரங்கப் பலகையின் கதையைக் கேளாதவர் சிலரே. முதற்கட்டத்தில் ஒரு நெல், இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே அறுபத்து நான்கு கட்டங்களையும் நிரப்பித் தருமாறு வேண்டினானாம் ஒருவன். அதனைத் தர இயலாமல் மன்னன் திகைத்தானாம். அப்பலகையில் இன்னும் மூன்று கட்டங்களைச் சேர்த்து, அறுபத்தேழு கட்டங்களையும் அவ்வாறே நிரப்பினால், பலகையிலுள்ள நெல்மணிகளின் மொத்தத் தொகையே 2⁶⁷ − 1. அதனை விரித்து எழுதினால் 14,75,73,95,25,89,67,64,12,927 ஆகும்.

1876 ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்காஸ் முதன்முதலாக இக்கூற்றை அசைத்தார். இவ்வெண் பகா எண் அன்று என்று அவர் காட்டினார். வியப்பு யாதெனில், அதன் காரணிகளுள் ஒன்றைக்கூட அவர் கண்டுபிடிக்கவில்லை! காரணியைக் காணாமலே காரணி உண்டு என்று எவ்வாறு கூறலாம்? சந்தையில் மண்பானை வாங்குவோர் அதனை விரலால் தட்டிப் பார்ப்பர். ஓசை மாறினால், பானையில் கீறல் உண்டு என்று அறிந்துகொள்வர். கீறல் எங்கே உள்ளது என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டுவதில்லை. லூக்காஸ் செய்ததும் அத்தகையதே.

அவர் தொடங்கிவைத்து, 1930 ஆம் ஆண்டளவில் அமெரிக்க அறிஞர் லெமர் செம்மைப்படுத்திய சோதனையை 31 என்னும் சிறிய எண்ணில் செய்து பார்க்கலாம். 4இல் தொடங்குக. அதனை அதனாலேயே பெருக்கி 2ஐக் கழிக்க, 14 வரும். 14ஐ அவ்வாறே செய்ய, 194 வரும். 194ஐ 31ஆல் வகுக்க மீதி 8. அந்த 8ஐ அவ்வாறே செய்ய, 62 வரும். 62 என்பது 31ஆல் மீதியின்றி வகுபடுகிறது. 31 என்பது 2⁵ − 1. அடுக்கு 5 ஆதலின், அதனினும் இரண்டு குறைவாக மூன்று முறை இவ்வாறு செய்து மீதி இல்லையாயின், அது பகா எண். மீதி இருப்பின் பகு எண். 67 அடுக்காயின் இதே செயலை 65 முறை செய்தல் வேண்டும். ஒவ்வொரு முறையும் இருபத்தோர் இலக்க எண்ணால் வகுத்து மீதி காணல் வேண்டும். உழைப்பு பெரிதே, ஆயினும், மனிதரால் இயலாதது அன்று.

பானையில் கீறல் உண்டு என்பது தெரிந்துவிட்டது. கீறல் எங்கே? அதனைக் காட்டியவர் அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் பிராங்க் நெல்சன் கோல். அவர் நியூயார்க்கிலுள்ள கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர்; அமெரிக்கக் கணிதக் கழகத்தின் செயலாளராகப் பல்லாண்டுகள் தொண்டு புரிந்தவர். 1903 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் நடைபெற்ற அக்கழகத்தின் கூட்டத்தில் அவர் தம் விடையை வெளியிட்டார். அது வருமாறு: 19,37,07,721 × 7,61,83,82,57,287 = 14,75,73,95,25,89,67,64,12,927.

அக்கூட்டத்தைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. கோல் ஒரு சொல்லும் பேசாமல் கரும்பலகையை அணுகி, 2இன் 67 ஆம் அடுக்கைக் கணக்கிட்டு ஒன்றைக் கழித்தாராம். பின்னர் வேறிடத்தில் அவ்விரு காரணிகளையும் எழுதிப் பெருக்கினாராம். இரண்டு விடைகளும் ஒன்றாகவே இருந்தனவாம். பேசாமலே அவர் தம் இருக்கைக்குத் திரும்ப, அவையினர் எழுந்து ஆரவாரம் செய்தனராம். இக்காரணிகளைக் காண எவ்வளவு காலம் ஆயிற்று என்று கேட்டபொழுது, மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் என்று விடையளித்தாராம். நிகழ்ச்சிக்குப் பல ஆண்டுகளுக்குப் பின்னர் பெல் என்னும் கணித ஆசிரியர் எழுதிவைத்ததே இக்கதை. ஆதலின், இதனையும் கேட்ட அளவிலேயே வரலாறு என்று கொள்ளுதல் தகாது. கோல் பேசினாரா, பேசவில்லையா என்பதை இன்று எவரும் சோதிக்க இயலாது. அவர் எழுதிய பெருக்கலையோ எவரும், எந்நாட்டிலும், எந்நாளிலும் சோதிக்கலாம். கதைக்கும் சான்றுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

கோல் மேற்கொண்ட தேடலின் அருமையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவர் கண்ட சிறிய காரணியே பத்தொன்பது கோடிக்கு மேற்பட்டது. அதனினும் சிறிய பகா எண்கள் ஒரு கோடிக்கு மேல் உள்ளன. அவற்றுள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்க்க ஒருவர் வாழ்நாள் போதாது. இங்கும் விதிகள் துணை செய்கின்றன. இவ்வெண்ணின் காரணி எதுவாயினும் 134ஆல் வகுக்க 1 மீதி தருதல் வேண்டும். 19,37,07,721இல் ஒன்றைக் கழித்து 134ஆல் வகுத்தால், 14,45,580 என்னும் ஈவு மீதியின்றி வருவதைக் காணலாம். இவ்விதி ஒன்றையே நம்பினும், பதினான்கு இலட்சத்திற்கு மேற்பட்ட எண்களை நோக்க வேண்டியிருக்கும். கோல் வேறு நுண்ணிய கோட்பாடுகளையும் கையாண்டு, காரணி ஒளிந்திருக்கக்கூடிய இடங்களை மேன்மேலும் சுருக்கிக்கொண்டு சென்றார். அதன் பின்னும் எஞ்சியது நெடிய உழைப்பு. அந்நெடிய உழைப்பின் பயனோ ஒரே வரியில் அடங்கிவிட்டது.

அவ்வரியை முழுவதும் பெருக்கிப் பார்க்குமுன், பள்ளியில் பயின்ற சிறு சோதனைகளைச் செய்து பார்க்கலாம். காரணிகளின் கடைசி இரண்டிலக்கங்கள் 21, 87. இவற்றைப் பெருக்க 1,827. அதன் கடைசி இரண்டிலக்கங்கள் 27. பெரிய எண்ணும் 27 என்றே முடிகிறது. இனி, இலக்கங்களைக் கூட்டிப் பார்ப்போர் முதற்காரணியில் 37, இரண்டாவதில் 64, பெருக்கத்தில் 109 என்னும் தொகைகளைக் காண்பர். மீண்டும் மீண்டும் கூட்டினால் மூன்றும் 1 என்றே முடியும். ஒன்றும் ஒன்றும் பெருக்க ஒன்று. ஆகவே, சோதனை பொருந்துகிறது. எனினும், இத்துடன் நிறைவு கொள்ளலாகாது. விடையின் நடுவே இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருப்பினும் இச்சோதனைகள் பொருந்தியே தோன்றும். அடையாளம் வேறு, சான்று வேறு. முழுப் பெருக்கலையும் செய்து முடித்தவரே உண்மையைத் தம்முடையதாக ஆக்கிக்கொண்டவர் ஆவர்.

இவ்வளவும் கேட்ட ஒருவர், இதனால் உலகிற்கு என்ன பயன் என்று வினவக்கூடும். ஓர் எண்ணைப் பிரிப்பதற்காக நூற்றைம்பது ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவிடுவது வீண் வேலை அன்றோ என்றும் கூறக்கூடும். இதற்கு ஒரு விடை பின்னாளில் கிடைத்தது. பெருக்குவது எளிது, பிரிப்பது கடினம் என்னும் உண்மையையே அடிப்படையாகக் கொண்டு, 1977 ஆம் ஆண்டில் ரிவெஸ்ட், ஷமிர், ஏடல்மன் என்னும் மூவர் செய்திகளை மறைத்து அனுப்பும் முறை ஒன்றை வகுத்தனர். இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கத்தை எல்லார்க்கும் வெளியிடலாம். காரணிகளை அறிந்தவரே மறைமொழியைத் திறக்க இயலும். அவ்வாண்டில் அறைகூவலாக வெளியிடப்பட்ட 129 இலக்க எண் 1994 ஆம் ஆண்டில்தான் பிரிக்கப்பட்டது. அதற்கு அறுநூறு பேர் அளவில் தத்தம் கணிப்பொறிகளைக் கொண்டு உதவினர். இம்முறை கணிப்பொறிகளிடையே செல்லும் செய்திகளையும் பணப் பரிமாற்றங்களையும் காப்பதற்குப் பெரிதும் பயன்பட்டது.

ஆயினும், இவ்விடையால் மட்டும் கோலின் உழைப்புக்குப் பெருமை தேடுவது முறையன்று. 1903 ஆம் ஆண்டில் இப்பயனை அவர் கனவிலும் கண்டிருக்க இயலாது. பயன் கருதி அவர் தேடவில்லை. இருநூற்றைம்பது ஆண்டுகளாக நிலவிவந்த ஒரு பிழையை ஐயத்திற்கு இடமின்றித் தீர்த்துவைக்கவே தேடினார். லூக்காஸ் மொழிந்ததை ஏற்க, அவருடைய நுண்ணிய கோட்பாட்டைக் கற்றிருத்தல் வேண்டும். கோல் காட்டியதை ஏற்கப் பெருக்கல் அறிந்திருந்தால் போதும். உண்மையைக் கற்றோர் சிலரின் உடைமையாக வையாமல், எல்லாரும் தொட்டுப் பார்க்கத்தக்க பொருளாக அவர் ஆக்கினார். அதுவே அவர் செய்த பெருந்தொண்டு.

இன்னொருவர் வேறு வகையாகக் கூறுவார்: கோல் ஆண்டுக்கணக்கில் தேடியதை இன்று கணிப்பொறி கண் இமைக்கும் நேரத்தில் காட்டிவிடுகிறது, இனி மனிதர் கணக்குப் போடுவானேன்? இக்கூற்றில் பாதி உண்மை; பாதி பிழை. விடை காணும் உழைப்பைப் பொறி ஏற்றுக்கொண்டது உண்மை. ஆனால், விடையை ஆராயாமல் ஏற்கும் பழக்கத்திற்கு அது மருந்து ஆகாது. முற்காலத்தில், மெர்சென் சொன்னார், ஆதலின் உண்மை என்றனர். இக்காலத்தில், பொறி சொன்னது, ஆதலின் உண்மை என்பாராயின், மாறியது பெயரே அன்றிப் பழக்கம் அன்று. பொறியை நன்கு அறிந்தவர்களோ அவ்வாறு செய்வதில்லை. 2024 ஆம் ஆண்டு அக்டோபரில் 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 பகா எண் என்று அறிவிக்கப்பட்டது. அதன் இலக்கங்கள் நான்கு கோடியே பத்து இலட்சத்திற்கு மேற்பட்டவை. ஒரு பொறி சொன்னவுடன் அதனை எவரும் பறைசாற்றிவிடவில்லை. வெவ்வேறு பொறிகளில், வெவ்வேறு நிரல்களைக் கொண்டு, லூக்காஸ் காட்டிய அதே சோதனையை மீண்டும் மீண்டும் செய்து பார்த்த பின்னரே உலகிற்கு அறிவித்தனர்.

பெரியோர் கூற்றைச் சோதிப்பது அவரை அவமதிப்பது ஆகாதோ என்று அஞ்சுவோரும் உளர். அவ்வச்சம் வேண்டாதது. மெர்சென் பட்டியலில் இருந்த பிழைகள் ஐந்து. 67, 257 என்னும் இரண்டும் அதில் இருக்கலாகாதவை. 61, 89, 107 என்னும் மூன்றும் விடுபட்டவை. இவற்றை எல்லாம் ஒவ்வொன்றாகத் தெளிந்து, 257 வரையில் பட்டியலை முழுவதும் சரிபார்த்து முடிக்க 1947 ஆம் ஆண்டு வரை ஆயிற்று. அதனால் மெர்சென் பெயர் மறைந்துவிட்டதா? இல்லை. அத்தகைய எண்கள் இன்றும் மெர்சென் எண்கள் என்றே வழங்குகின்றன. அவர் தந்த விடை பிழையாயினும், அவர் எழுப்பிய வினா அறிஞர்களை மூன்று நூற்றாண்டுகள் உழைக்கச் செய்தது. பிழையை எடுத்துக் காட்டிய லூக்காசும் கோலும் அவரை இகழ்ந்தவர் அல்லர். அவர் தொடங்கிய பணியைத் தொடர்ந்தவரே ஆவர். ஆசிரியரின் கணக்கில் கண்ட தவற்றைப் பணிவோடு எடுத்துரைக்கும் மாணவர் அவரை மதிக்காதவர் அல்லர். அவர் கற்பித்ததை நன்கு கற்றவரே ஆவர்.

எனவே, மெய்ம்மையை நாடுவோர்க்கு இரண்டு பண்புகள் இன்றியமையாதன. கேட்டதைச் சோதிக்கும் துணிவு ஒன்று. சோதனையை இறுதி வரை செய்து முடிக்கும் பொறுமை மற்றொன்று. துணிவு மட்டும் இருந்து பொறுமை இல்லையாயின், அது வெறும் மறுப்பாகவே முடியும். மெர்சென் கூற்று பொய் என்று வாயால் கூறுவது எவர்க்கும் எளிது. காரணி இரண்டையும் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதே அரிது. பொறுமை மட்டும் இருந்து துணிவு இல்லையாயின், பழைய பட்டியலைப் பார்த்து எழுதுவதிலேயே வாழ்நாள் கழிந்துவிடும்.

இருபத்தோர் இலக்கங்கள் கொண்ட அந்த எண் இன்றும் அவ்வாறே உள்ளது. மெர்சென் எழுதியபொழுதும் அது பகு எண்ணே. எவரும் மறுக்காதிருந்த இருநூறு ஆண்டுகளிலும் அது பகு எண்ணே. மனிதர் நம்பிக்கை அதன் இயல்பை ஒரு சிறிதும் மாற்றவில்லை. ஐயமுடையோர் ஒரு தாளை எடுத்து, ஒன்பது இலக்க எண்ணைப் பன்னிரண்டு இலக்க எண்ணால் பெருக்கிப் பார்க்கலாம். ஒரு மணி நேரத்திற்குள் விடை கிடைத்துவிடும். அவ்விடையை உண்மை என்று கொள்வதற்குக் கோலின் பெயரும் வேண்டியதில்லை; வேறு எவருடைய பெயரும் வேண்டியதில்லை.